ஒன்பதடிச் சுவர் குறித்து மைத்துனருக்கு ஒரு திருத்தம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. முழங்காலை விட்டுவிட்டுப் பார்த்தால் நான் நலம். என்னை விட்டுவிட்டுப் பார்த்தால் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். உடம்புக்கு ஏதாவது இருந்தால் தயவுசெய்து இதை அக்காவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், உட்கார்ந்துகொண்டு.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி ஒரு வீட்டின் வரைபடத்தை உங்களுக்கு அனுப்பி, என் நண்பர் ஒருவர் அதை வாங்க நினைக்கிறார், நில அளவையில் முப்பது வருடம் இருந்தவர் என்ற முறையில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். நீங்களும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நான்கு பக்கத்துக்குப் பதில் அனுப்பினீர்கள். சமையலறைக்கும் எழுதும் அறைக்கும் நடுவே ஒன்பதடி கனத்துக்குச் சுவர் வருகிறது, எந்தக் கொத்தனாரும் இப்படிக் கட்டமாட்டான், உள்ளே ஓர் அறையை மறைத்து வைத்திருக்கிறார்கள், நண்பரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என எழுதி, கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தீர்கள். அந்தக் கடிதப் போக்குவரத்தில் ஒரு திருத்தம். அப்படி ஒரு நண்பர் இல்லை. அப்படி ஒரு வீடும் இல்லை. மற்ற விவரங்கள் அனைத்தும் சரியானவை.

அந்த வீடு உங்கள் மருமகளுடையது, அதாவது என் மகளுடையது. அவள் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் கம்பெனி கணினியில் ஆடும் திகில் விளையாட்டுகளைத் தயாரிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்தான், அடுத்த தெருவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார் என்று தெரிவது மாதிரி. பல் வலிக்காதவரை அந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விளையாட்டின் பெயர் 'ஈரச்சுவர்'. மூன்று பாகங்கள் வந்துவிட்டன. எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் மடித்த காகிதமுமாக, யாருமில்லாத பெரிய வீட்டுக்குள் நடக்கிறது. வெளியே போகும் கதவைக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான். சொல்லப்படாத கதையைத் தேடுவதற்கென்று நாற்பதாயிரம் பேர் இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன். என் புனைபெயர் 'ஓய்வுபெற்றவர்'.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கூப்பிடுவாள். அம்மாவோடு நாற்பது நிமிடம். பிறகு என் கைக்கு வரும். "அப்பா, நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன்மா." "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க." வேலையில் இருந்தவரை இது போதுமான பேட்டி என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றபோது, முப்பத்தாறு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவனுக்கு இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்று இருந்தது. அவள் செய்ததையாவது பார்ப்போம் என்று அலமாரியைத் துழாவினேன். உங்கள் தங்கை வந்து நின்று, "என்ன தேடறீங்க?" என்றாள். "அவ செஞ்ச விளையாட்டை." "எந்தப் பாகம்?" கேட்ட விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீ ஆடியிருக்கியா?" "மூணையும் முடிச்சாச்சு. ரெண்டாவதை ரெண்டு தடவை." "எப்போ?" "நீங்க கோர்ட்டுக்குப் போயிருந்தப்போ. பத்து நிமிஷத்துல சோறு வெச்சிட்டு நாள் பூரா நான் என்ன செய்வேன்னு நெனச்சீங்க?" பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்றையும் எடுத்துக் கொடுத்து, "ஊரெல்லாம் நடக்கறது உங்களுக்குத் தெரியும், பாவம்," என்றாள். மச்சான், உங்கள் தங்கை ஒரு பேய்வீட்டுக்குள் நான்கு முறை போய் உயிரோடு வெளியே வந்தவள் என்பதை உங்களுக்கும் தெரிவித்துவிடுகிறேன். அவளிடம் பேசும்போது கவனமாக இருங்கள்.

அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, முன்னறையில் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் அந்த வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தேன். பயமாக இருக்கும் என்றார்கள். எனக்குப் பயம் வரவில்லை. அந்த வீடு தண்ணீருக்குள் கட்டின வீடு மாதிரி இருந்தது. தாழ்வாரச் சுவரில் பெரணி இலைகள் வரைந்த தாள் ஒட்டியிருக்கும். நடக்க நடக்க இலைகள் மெல்லத் தலையாட்டும். ஜன்னலுக்கு வெளியே ஓயாத மழை, ஆனால் கண்ணாடியில் ஒரு துளி படுவதில்லை. மாடிப்படி ஏறும்போது பதின்மூன்று, இறங்கும்போது பன்னிரண்டு. அந்த ஒரு படி எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே நான் படுக்கப் போவேன்; தூக்கத்தில் அதில் கால் வைப்பேன்; கால் வைத்த இடம் பஞ்சு மாதிரி அமிழும். சில நாட்களில் எங்கள் வீட்டுத் தாழ்வாரமே நீண்டுபோனது. பின்கட்டுக்கு எட்டு அடியில் போய்விடுகிற நான், கையில் தம்ளருடன் வெகுநேரம் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். அந்த வீட்டில் சாவிகள் கடிகாரத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்; அதனால் எங்கே கடிகாரத்தைக் கண்டாலும் அதன் பின்னால் கையை விட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். வங்கியிலும் பார்த்துவிட்டேன். காவலாளி நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் யாருமில்லை என்றேனே, அதிலும் ஒரு திருத்தம். ஒருவர் இருக்கிறார். எழுதும் அறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜைக்கு முன்னால், நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். மூன்று பாகத்திலும் அதே அறை, அதே முதுகு. குழந்தை வாசலில் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இடது கையை மட்டும் தூக்கி ஒரு விரலைக் காட்டுவார். உடனே வீட்டில் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி விரல், மறுபடி ஒரு கதவு. அதிகம் கூப்பிட்டால் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டு ஆட்டம் முடிந்துவிடும். நான் முதல் நாள் இதிலேயே நான்கு முறை செத்துப்போனேன். உங்கள் தங்கை துவைத்த துணியை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவள், "அவரைத் தாண்டிப் போயிடுங்க. அவரைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல," என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மன்றத்தில் அந்த விரலுக்கு மட்டும் பதினேழு விளக்கங்கள் இருக்கின்றன. 'பாதிச்சாவி' என்ற பெயரில் எழுதுகிறவர், லாரி கம்பெனியில் கணக்கர், அந்த மனிதர்தான் கொலைகாரர், ஒரு விரல் என்றால் முதல் பலி, நான்காம் பாகத்தில் இரண்டு விரல் காட்டுவார் என்கிறார். 'சிவப்புச்செருப்பு' என்பவர் ஒரு பல் மருத்துவமனையில் செவிலி, நோயாளிக்கு மரத்துப்போகும் வரையிலான இடைவெளிகளில் எழுதுகிறவர். குழந்தை செத்துவிட்டது, மனிதர் செத்துவிட்டார், வீடும் செத்துவிட்டது என்பது அவர் கட்சி. எதைக் கேட்டாலும் அது செத்துவிட்டது என்பார். சுவர்க்கடிகாரம் ஏழு பத்தில் நின்றிருப்பது மரண நேரமாம். குழந்தையின் கையிலிருக்கும் காகிதம் உயிலாம். நீதிமன்றத்தில் இதைவிட மோசமான வாதங்களைக் கேட்டிருக்கிறேன் என்பதால் பொறுமையாகப் படித்தேன். ஆனால் ஆதாரம் என்று ஒருவரும் ஒன்றும் காட்டவில்லை. "அப்படித் தோணுது", "அப்படித்தான் இருக்கணும்". எங்கள் செய்தி ஆசிரியர் இருந்திருந்தால் மன்றத்தையே கசக்கிக் கூடையில் போட்டிருப்பார்.

பதினோராவது நாள் நான் ஒரு தவறு செய்தேன். மேஜையை உற்றுப் பார்த்தேன். மேஜை விளக்கின் கழுத்து உடைந்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தது. கோப்பையின் மேல் சாஸர் கவிழ்த்து மூடியிருந்தது. நாற்காலி முதுகில் ஒரு துண்டு, இடது பக்கம் நீளமாகத் தொங்கும்படி. மச்சான், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். என் மேஜை விளக்கில் அந்த நூலைக் கட்டியவரே நீங்கள்தான். நீதிமன்றம் முடிந்து வந்து நான் ஏழு பத்துக்கு மேஜையில் உட்காருவேன். ஒன்பதே முக்காலுக்குப் பக்கம் மூடுவார்கள், அதற்குள் எழுதி, தொலைபேசியில் வாசித்துச் சொல்லியாக வேண்டும். நடுவில் யாராவது வாசலில் வந்து நின்றால் வாயைத் திறந்து பதில் சொன்னால் வாக்கியம் ஓடிவிடும். அதனால் வலது கை எழுதிக்கொண்டிருக்க, இடது கை விரலைத் தூக்குவேன். 'ஒரு நிமிடம்' என்று அர்த்தம். வேறு ஒரு அர்த்தமும் கிடையாது. பதினேழு விளக்கங்களில் இது இல்லை.

திரையில் அந்த முதுகைப் பார்த்தபடி நான் வெகுநேரம் இருந்தேன். தன் முதுகை யாரும் பார்த்ததில்லை; எனக்கு அதை எட்டு வயதின் உயரத்திலிருந்து காட்டியிருந்தார்கள்.

நிருபன் புத்தி சும்மா இருக்காது. மன்றத்தில் எழுதினேன்: "அந்த மனிதர் இறக்கவில்லை. யாரையும் கொல்லவும் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கிறார். விரலுக்கு 'ஒரு நிமிடம்' என்று பொருள். காகிதம் பெரும்பாலும் பள்ளியில் கையெழுத்து வாங்கிவரச் சொன்ன ரிப்போர்ட் கார்டாக இருக்கலாம். இது மட்டும் உறுதிசெய்யப்படவில்லை." பிறகு பாதிச்சாவி, "இதுல பயம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் சிவப்புச்செருப்பு எழுதினார்: "எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பயமா இருக்கு. யாரும் சாகலைன்னா அவர் ஏன் திரும்பலை?" இரண்டு நாள் நான் மன்றத்துப் பக்கமே போகவில்லை. போனபோது என் புனைபெயரே கம்பெனி விட்டுவைத்த ஒரு துப்பு என்று மூன்று பேர் நிறுவியிருந்தார்கள். அந்த மேஜை மனிதர்தான் ஓய்வுபெற்றுவிட்டு வந்து எழுதுகிறாராம். மறுக்கவும் முடியவில்லை.

உங்கள் ஒன்பதடிச் சுவர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. யாரோ ஒரு பொறுமைசாலி அந்த வீட்டை அடி அடியாக அளந்து வரைபடம் போட்டிருந்தார். எழுதும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓர் அறை ஒளிந்திருக்கிறது, மேஜை மனிதர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு புதிய கட்சி கிளம்பியது. ஒரு நிபுணர் கருத்து இருந்தால் வாதம் நிற்கும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர் நீங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆகவே ஒரு நண்பரை உண்டாக்கினேன். பொய்யாக ஒரு நபரை நான் உண்டாக்கியது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. பதில் வந்ததும் உங்கள் பெயரைக் கட்டைவிரலால் மறைத்து நான்கு பக்கத்தையும் படமெடுத்து மன்றத்தில் போட்டேன். கட்டைவிரல் நன்றாக விழுந்திருந்தது. இரண்டே நாளில் அதைப் பதினோராயிரம் பேர் படித்துவிட்டார்கள். 'கொத்தனார் கட்டமாட்டான்' என்ற உங்கள் வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் படமும் அனுப்பியிருந்தார். நீங்கள் பார்த்த வேலையில் முப்பது வருடத்தில் கிடைக்காத புகழ், இல்லாத ஒரு வீட்டை அளந்ததில் கிடைத்திருக்கிறது. கம்பெனி இதற்கு விளக்கம் தர வேண்டும் என்று மன்றத்தார் கையெழுத்து வாங்கி அனுப்பியும்விட்டார்கள்.

பின்னால் ஏதோ அரவம். உங்கள் தங்கை காப்பியோடு வந்து நிற்கிறாள் போலிருக்கிறது. விரலைக் காட்டிவிட்டேன். இந்தப் பக்கத்தை முடித்துவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு சோதனை செய்தேன். மன்றத்தில் நாற்பதாயிரம் பேரில் ஒருவரும் செய்யாத சோதனை. எல்லோரும் அந்த மனிதரைக் கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் தாண்டிப் போகிறார்கள். விரலைக் காட்டிய பிறகு ஒருவரும் காத்திருக்கவில்லை. கடிகாரம் ஏழு பத்தில் நிற்கிறது. அவர் எழுந்திருக்கும் நேரம் எனக்குத் தெரியும். ஒன்பதே முக்கால் வரை இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். மதியம் மூன்று மணிக்குக் குழந்தையை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன், ஒரு முறை கூப்பிட்டேன், விரல் எழுந்தது, எங்கோ ஒரு கதவு சாத்தியது. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மழை குறைவது மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தூசி இறங்கிக்கொண்டிருந்தது, பிறகு ஏறத் தொடங்கியது. பெரணி இலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. குழந்தையின் மூச்சு மெதுவாகி என் மூச்சோடு சேர்ந்துகொண்டது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எங்கிருந்தோ சாம்பல் நிறத்தில் ஓர் அந்துப்பூச்சி வந்து மனிதரின் தோளில் உட்கார்ந்து, சிறகை ஒரு முறை விரித்து மூடியது. நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன், மச்சான். நாற்காலியில் இருந்தது வேறு யாரோ. கால் வலித்தது, ஆனால் எட்டு வயதுக் கால் வலிக்கிற மாதிரி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டால் போய்விடுகிற வலி. உள்ளே இருக்கிற ஆளின் மேல் கோபமும் வரவில்லை. அவர் எழுதி முடிக்கட்டும் என்றுதான் இருந்தது. ஐந்து முப்பத்துநான்கு. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தெளிவாகக் கேட்டது, சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று நான் முன்னால் குனிந்தேன். திரை அணைந்துவிட்டது. உங்கள் தங்கை இஸ்திரிப்பெட்டி போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். "இவ்ளோ நேரம் ஒரே இடத்துல நின்னுட்டிருந்தீங்க, தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

இத்தனையும் எழுதியது ஒரு விஷயத்துக்காக. வியாழக்கிழமை உங்கள் மருமகள் ஒரு பேட்டி கொடுத்திருக்கிறாள். கணினி விளையாட்டுகளுக்கான ஒரு பத்திரிகை. கேள்வி கேட்டவர் திறமையில்லாதவர், இருந்தாலும் ஒரு கேள்வி சரியாக விழுந்துவிட்டது. நான்காம் பாகத்தில் மேஜை மனிதரின் மர்மம் வெளிவருமா என்று கேட்டதற்கு, "நாலாவது பாகத்துல அந்த அறையில அவர் இருக்க மாட்டார்" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். மேலே கேட்கவில்லை அந்தப் பிரகிருதி. மன்றம் கொண்டாடுகிறது. செத்துவிட்டார் என்று நான் முதலிலேயே சொன்னேனே என்கிறார் சிவப்புச்செருப்பு. நான்காம் பாகத்தை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி மூடுகிறார்கள், அதற்குப் பிறகு ஒரு வரியும் மாற்ற முடியாது. இன்று பத்தாம் தேதி.

அவள் என்னை எடுத்துவிட்டாள், மச்சான். மூன்று பாகம் அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டு, நான்காவதில் நாற்காலியைக் காலி செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கொடுக்காமல் எந்தத் தீர்ப்பையும் நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. நான் நேரே கேட்டால் "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாள். நீங்கள் தாய்மாமன். சிறுவயதில் உங்கள் தோளில் உட்கார்ந்து ஊரளந்தவள். பல் முளைத்ததிலிருந்து எல்லாவற்றையும் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். நீங்கள் ஒருமுறை போய், நான் சொன்னதாகச் சொல்லாமல், அந்த மனிதரை இன்னும் ஒரு பாகத்துக்கு விட்டுவைக்கும்படி கேட்க வேண்டும். அவர் திரும்பக்கூட வேண்டாம். நாற்காலி நகரும் சத்தம் மட்டும் இருந்தால் போதும். அவர் எழுந்திருக்கத்தான் போகிறார் என்று வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள். உங்கள் தங்கைக்கு இது தெரிய வேண்டாம். இன்னும் காப்பி மேஜைக்கு வரவில்லை, கோபம் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரன் பேத்திகள் நீண்ட ஆயுளோடும் நல்ல கண்பார்வையோடும் இருக்க வேண்டும். நீங்கள் நூறு வயது இருந்து, உண்மையான நிலத்தையே அளக்க வேண்டும். தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தைக் கிழித்திருப்பேன், தபால்தலை ஒட்டியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு உறையை எடுக்கத் திரும்பினேன். வாசலில் நின்றது உங்கள் தங்கை இல்லை, உங்கள் மருமகள். தோளில் பை, கையில் மடித்த ஒரு காகிதம். "எவ்ளோ நேரமா நிக்கறே?" என்றேன். "ஒன்பதடிச் சுவர்லேர்ந்து," என்றாள்; என் தோளுக்கு மேலாகப் படித்திருக்கிறாள். காகிதம் உங்கள் கடிதம்தான். மன்றத்தார் கம்பெனிக்கு அனுப்பியது. கட்டைவிரல் பெயரை மறைத்ததே தவிர வடதிசை காட்டும் அம்பை மறைக்கவில்லை. அந்த அம்புக்கு வால் வைத்து மூன்று இறகு வரைகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்றும், 'உறுதிசெய்யப்படவில்லை' என்று ரிப்போர்ட் கார்டுக்குப் போடுகிறவரும் ஒருவர்தான் என்றும் சொன்னாள்.

இனி வருபவை அவள் வாய்மொழி, பெயர் வெளியிட விரும்பாத வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்பதடிச் சுவரில் ஒளிந்த அறை இல்லை. சமையலறையை ஒருத்தர் வரைந்தார், எழுதும் அறையை இவள் வரைந்தாள், சேர்த்தபோது ஒட்டவில்லை, நடுவில் சுவரைப் போட்டு அடைத்துவிட்டார்கள். காணாமல்போன படிக்கும் அதே கதைதான். மழையும் தூசியும் இரண்டு நிமிடக் காட்சி, திரும்பத் திரும்ப ஓடுவது. "அந்துப்பூச்சி?" என்றேன். "அப்படி ஒண்ணு நாங்க வெக்கவே இல்லப்பா. நம்ம வீட்டுத் திரையில உட்கார்ந்திருக்கும்." "நாற்காலிச் சத்தம்?" "உங்க நாற்காலியா இருக்கும்." அந்த மனிதர் யார் என்று கேட்டேன். "யாருமில்லப்பா. முதல் பாகம் செஞ்சப்போ நாங்க மூணே பேர். யாருக்கும் முகம் வரைய வராது. அதான் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வெச்சோம்." இப்போது முகம் வரைய ஓர் ஆள் கிடைத்துவிட்டாராம். நான்காம் பாகத்தில் மனிதர் சமையலறையில் இருக்கிறார், முகத்தோடு. கதவு எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவார். மன்றம் இதைத் தாங்காது, அதனால் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

"அப்போ விளக்குல அந்த நூல், சாஸர், துண்டு?" என்றேன். "மேஜைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள். விரல் மட்டும் அவள் வைத்ததில்லையாம். வரைகிறவனுக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று இவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னாலிருந்து படம் பிடித்திருக்கிறான். இவள் கையில் ஏதோ வேலை. போதும், எழுந்திரு என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம், தான் விரலைத் தூக்கியிருப்பது. ஆக மூன்று பாகமாக நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என் மகளை. என் வாதம் முழுவதும் தள்ளுபடி.

நிறைய பேசினோம். நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. அதன் பிறகு கம்பெனியிலிருந்து ஏதோ செய்தி வந்து, "இதோ வந்துடறேன்ப்பா" என்று என் மேஜையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். உங்கள் தங்கை இரண்டு காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடையதைக் கொடுப்பதற்காகக் கூப்பிட்டேன். இடது கை, ஒரு விரல். நுனி கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கிறது, எனக்கு மாதிரியே. கோப்பை மேல் சாஸரைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு, வாசலில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, மடியில் அட்டை வைத்து இந்தப் பின்குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்திரண்டு நிமிடம். கதவு எதுவும் சாத்தவில்லை. பேனாவை மூடுகிறேன், மச்சான். நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. இந்த முறை என்னுடையது இல்லை.